யாரோ பேசிக்கொள்கிறார்கள்: பாரனாய்டு ஸ்கிசோஃப்ரேனியாவும் அதன் உடன்பிறப்புகளும்

1

தமிழில் கோட்பாட்டு எழுத்து சூடு பிடித்திருந்த தொண்ணூறுகளில் ‘ஸ்கிசோஃப்ரேனியா’ என்கிற சொல் சிறுபத்திரிகைப் பக்கங்களில் தாராளமாகப் புழங்கியது. பிளவுண்ட தன்னிலை, சிதறும் பிரதி, மையமழிந்த மனம் என்று பல பொருளில் அது எடுத்தாளப்பட்டது. டெல்யூஸும் கத்தாரியும் 1972இல் வெளியிட்ட ‘ஈடிபஸ் எதிர்ப்பு’ நூலின் துணைத்தலைப்பிலேயே முதலாளியமும் ஸ்கிசோஃப்ரேனியாவும் அருகருகே நின்றதால், அந்தச் சொல்லுக்கு ஒரு கலகக்கார மவுசும் வந்து சேர்ந்தது. அதில் தவறொன்றுமில்லை. உருவகங்கள் இல்லாமல் சிந்தனை நகராது. ஆனால் கத்தாரி அந்த நூலை எழுதிய காலத்தில் நோயாளிகளோடுதான் இருந்தார் என்பதைச் சொல்ல நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1953இல் ழான் ஊரி தொடங்கிய லா போர்த் மனநல விடுதியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர் அவர். சமையல், துப்புரவு முதலிய அன்றாட வேலைகளை நோயாளிகளும் ஊழியர்களும் பகிர்ந்து செய்த இடம் அது. நாம் உருவகத்தை எடுத்துக்கொண்டோம், விடுதியை விட்டுவிட்டோம்.

இந்தக் கட்டுரை உருவகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நோயைப் பற்றிப் பேச முயல்கிறது. பாரனாய்டு ஸ்கிசோஃப்ரேனியா என்றால் என்ன, அது மற்ற வகைகளிலிருந்து எப்படி வேறுபட்டது, அந்த வகைப்பாட்டையே உலக மருத்துவம் ஏன் கைவிட்டது, இவற்றால் நாகரசம்பட்டியில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகப்போகிறது என்பவைதான் இங்கே கேள்விகள்.

2

நாகரசம்பட்டி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. அங்கிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஆள் அல்ல. அந்தப் பக்கத்தில் பலரிடம் பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். வயது இருபத்தெட்டு, ஐ.டி.ஐ. படிப்பு, மெஷின் ஆபரேட்டர். வாடகை அறையில் நாலு பேரோடு ஜாகை. வீட்டில் தெலுங்கு, ஊரில் தமிழ், கம்பெனியில் பாதிப் பேரோடு கன்னடம்.

முதலில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து அறைக்குள் நுழையும்போது மற்ற மூன்று பேரும் பேச்சை நிறுத்துகிற மாதிரி இருந்தது. அப்புறம் சூப்பர்வைசர் பேனாவை ‘டக் டக்’கென்று அழுத்துவது யாருக்கோ கொடுக்கிற சைகையாகப் பட்டது. பஸ் நம்பர், சுவரொட்டி எழுத்து, எதிரே வருகிறவன் சட்டை நிறம் எல்லாமே தன்னைக் குறித்தவை என்றாயின. ஒருநாள் குரல்கள் வந்தன. ஒரு ஆண் கன்னடத்திலும் ஒரு பெண் தமிழிலும் இவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். “பாரு, டீ குடிக்கிறான். குடிச்சுட்டு எங்க போவான்னு தெரியாதா நமக்கு?” இவர் சிம் கார்டை மாற்றினார், போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினார், மெஸ்ஸில் சாப்பிடுவதை நிறுத்தினார். சோற்றில் ஏதோ கலக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இத்தனைக்கும் நடுவில் அவர் எட்டு மணி நேரம் மெஷின் ஓட்டினார் என்பதுதான். அளவு தப்பவில்லை. சம்பளத்தை அம்மாவுக்கு அனுப்பினார். ஏழெட்டு மாதம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ‘அவன் கொஞ்சம் ஒதுங்குற டைப்பு’ என்று விட்டுவிட்டார்கள். பாரனாய்டு வகையின் அடிப்படை இயல்பே இதுதான். பிரமையும் மாயக்குரலும் முன்னால் நிற்கும், பேச்சின் கோவையும் முகத்தின் உணர்ச்சியும் அறிவின் கூர்மையும் பெருமளவு பிழைத்திருக்கும். பைத்தியம் என்றால் கந்தல் துணியும் பொருளற்ற உளறலும் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த சித்திரத்துக்குள் இந்த ஆள் பொருந்த மாட்டார். பொருந்தாததாலேயே வைத்தியம் தாமதமாகிறது. நோய் தொடங்கிச் சிகிச்சை இல்லாமல் கழிகிற காலம் நீள நீள, மீட்சி கடினமாகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

3

இனி ஒரு சங்கடமான கேள்வி. சந்தேகப்படுவது நோயா? 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டி ஓசூர்ப் பக்கம் வந்தவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் அங்கே எரிக்கப்பட்டன. நம்முடைய ஆளின் அப்பாவே 1991இல் ஓடி வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ‘கன்னடத்துல எவனோ என்னப் பத்திப் பேசுறான்’ என்று மகன் சொன்னால் அது பிரமையா, வரலாறா? போதாததற்கு, தொழிற்சாலையில் கேமரா உண்மையிலேயே இருக்கிறது. சூப்பர்வைசர் உண்மையிலேயே கண்காணிக்கிறார்.

மனநல மருத்துவம் எதிர்ப்புக் குரல்களை நோயாக்கி அடக்குகிற ஒரு அதிகாரச் சொல்லாடல் என்ற விமர்சனம் ஃபூக்கோவின் 1961ஆம் வருட நூலுக்குப் பிறகு நமக்கெல்லாம் பழக்கம். அந்த விமர்சனத்துக்கு ஆதாரமும் உண்டு. சோவியத் அரசு மாற்றுக் கருத்தாளர்களுக்கு ‘மந்தகதி ஸ்கிசோஃப்ரேனியா’ என்று பெயர் சூட்டி ஆஸ்பத்திரியில் அடைத்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாகரசம்பட்டிக்காரரின் பயமும் ஒரு அரசியல் வாசிப்புதான் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் எழுதிய ‘பொது உளநோயியல்’ இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பிரமையை அதன் உள்ளடக்கம் பொய்யா மெய்யா என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, அது எப்படிப் பிறந்தது, எப்படிப் பிடித்துவைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய பார்வை. மனைவி மேல் சந்தேகப் பிரமை கொண்ட ஒருவனின் மனைவி உண்மையிலேயே வேறொருவரோடு பழகியிருக்கலாம். அப்போதும் அவனுடையது பிரமையாக இருக்க முடியும். ஏனென்றால் அவன் அந்த முடிவுக்கு வந்தது சாட்சியத்தின் வழியாக அல்ல, திரைச்சீலை மடிந்திருந்த விதத்தைப் பார்த்து. 1991இல் ஓடி வந்த அப்பா பயந்தார். கலவரம் ஓய்ந்ததும் பயமும் ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரோடு சேர்ந்து பயந்தார்கள். மகனுடைய பயத்தை யாரும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. எந்தச் சான்றும் அதைக் குறைக்கவில்லை, மறுக்கிற ஒவ்வொருவரும் சதியில் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அம்மாவும்.

ஆக, வரலாறு பிரமைக்குப் பாத்திரங்களைத் தருகிறது, பிரமையைத் தருவதில்லை. பிராய்டின் வட்டத்தைச் சேர்ந்த விக்டர் டௌஸ்க் 1919இல் ‘ஆட்டிவைக்கும் எந்திரம்’ பற்றி எழுதினார். தங்கள் எண்ணத்தை ஏதோ ஒரு எந்திரம் இயக்குவதாக நோயாளிகள் நம்புவதை விளக்கும் கட்டுரை அது. காலத்துக்கேற்ப எந்திரம் மாறுகிறது. காந்தம், மின்சாரம், வானொலி, இன்று செல்போன் டவர். அதே இடத்தில் நம் ஊரில் செய்வினையும் ஏவலும் நிற்கும். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தும் நிற்கும்.

இந்த மிகை அர்த்தம் எங்கிருந்து வருகிறது? மூளையில் டோபமைன் என்கிற வேதிப்பொருள், ‘இது முக்கியம், கவனி’ என்று பொருட்களுக்கு அழுத்தம் கொடுக்கும் வேலையில் பங்கு கொள்கிறது. அது தாறுமாறாகச் சுரக்கும்போது பேனா சத்தம்கூட முக்கியமாகிவிடுகிறது. அந்த முக்கியத்துவத்துக்கு மனம் தேடிக்கொள்கிற காரணம்தான் பிரமை என்று ஷிதிஜ் கபூர் 2003இல் முன்வைத்த கருதுகோள் சொல்கிறது. குறிப்பான்கள் பெருகி எல்லாமே நம்மையே சுட்டுகிற நிலை. 1952இல் வந்த குளோர்புரோமசினிலிருந்து பல பத்தாண்டுகள் வந்த மருந்துகளெல்லாம் ஏதோ ஒரு அளவில் டோபமைனைத் தடுத்தே வேலை செய்தன என்பது இதற்குப் பக்கபலம். முழு விளக்கம் இதுவென்று யாரும் சொல்லவில்லை. பரம்பரையின் பங்கு பெரியது. கஞ்சா, புலப்பெயர்வு, சிறுவயதுக் காயங்கள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

4

இனி வகைகளுக்கு வருவோம். 1871இல் ஹெக்கர் ஹெபிஃப்ரேனியாவையும், 1874இல் கால்பௌம் கேட்டடோனியாவையும் தனித்தனி நோய்களாக விவரித்தார்கள். எமில் கிரேப்ளின் 1899ஆம் வருடப் பாடநூல் பதிப்பில் இவ்விரண்டோடு பாரனாய்டு வடிவத்தையும் சேர்த்து, மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று சொல்லி, ‘இளமையில் வரும் அறிவழிவு’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயரைக் கொடுத்தார். ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் ‘ஸ்கிசோஃப்ரேனியா’ என்ற சொல்லை உருவாக்கினார். எல்லோருக்கும் இது இளமையில் வருவதில்லை, எல்லோருக்கும் அறிவழிவில் முடிவதும் இல்லை என்பது அவருடைய வாதம். ‘எளிய’ வகையையும் சேர்த்துக்கொண்டார்.

பாரனாய்டு வகையைப் பார்த்தோம். இது பெரும்பாலும் இருபதுகளின் பின்பகுதியிலோ முப்பதுகளிலோ தொடங்குகிறது. தன்னைத் துரத்துகிறார்கள் என்பது மட்டுமல்ல, தான் ஒரு அவதாரம், தனக்கென்று ஒரு பணி விதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் இதில் அடங்கும். சாக்சனியில் நீதிபதியாக இருந்த ஷ்ரேபர், கடவுளின் கதிர்கள் தன்னைப் பெண்ணாக மாற்றிப் புதிய மனித குலத்தைப் படைக்கப் போவதாக நம்பினார். அந்த நம்பிக்கையை விட்டுவிடாமலேயே, தன்னை வெளியே விட வேண்டும் என்று கோர்ட்டில் தானே வாதாடி 1902இல் ஜெயித்தார். 1903இல் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். அதைப் படித்துத்தான் பிராய்டு 1911இல் தம்முடைய கட்டுரையை எழுதினார், ஆளை நேரில் பார்க்காமலேயே. பிரமை ஒரு பக்கம், சட்ட அறிவு ஒரு பக்கம் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஹெபிஃப்ரேனிக் வகை, அதாவது குலைவு வகை, வேறு மாதிரி. பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் வருகிறது. பிரமை இருந்தாலும் துண்டு துண்டாக இருக்கும், கதையாகக் கோவைப்படாது. பேச்சு ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். சாவு வீட்டில் சிரிப்பு வரும். குளிப்பது, உடுத்துவது, ஒரு வேலையை முடிப்பது எல்லாம் சிதறும். குடும்பத்துக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. ஆனால் மீட்சி பாரனாய்டு வகையைவிடக் கடினம் என்பதே பழைய கணிப்பு.

கேட்டடோனிக் வகையில் நோய் உடம்பில் பேசுகிறது. அசைவின்றி மணிக்கணக்கில் நிற்பது, பேசாதிருப்பது, தூக்கிவிட்ட கை தூக்கியபடியே மெழுகு போல நிற்பது, இல்லாவிட்டால் காரணமற்ற பெரும் கொந்தளிப்பு. சாமி வந்திருக்கிறது, பேய் அடித்துவிட்டது என்று நம் ஊரில் இதைத்தான் அதிகம் பொருள்கொள்கிறார்கள். சாப்பாடு தண்ணீர் இறங்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். லோரசிபாம் ஊசிக்கும் மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கும் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படுகிறது என்பதால், கண்டுகொண்டால் கைமேல் பலன் உண்டு.

எளிய வகையில் குரலும் இல்லை, பிரமையும் இல்லை. ஆள் மெல்ல மெல்லச் சுருங்குகிறார். வீட்டில் ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்குகிறார். எஞ்சிய வகை என்பது புயல் ஓய்ந்தபின் தங்கிவிடுகிற மந்தம். எதிலும் அடங்காதவர்களுக்கு ‘வகைப்படுத்த முடியாதது’ என்று ஒரு பெட்டி.

இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். ஒன்று, இது ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் குடியிருக்கிற கதை அல்ல. தமிழ் சினிமா காட்டுகிற அந்த ‘பல ஆளுமை’ வேறு கோளாறு. இரண்டு, குரல்களோ பேச்சுச் சிதைவோ பெரிதாக இல்லாமல் ஒரே ஒரு பிரமை மட்டும் கட்டுக்கோப்பாக நீடித்தால் அது ‘பிரமைக் கோளாறு’ என்று தனியாகப் பேசப்படுகிறது. நில வழக்கில் எதிராளி நீதிபதியை வாங்கிவிட்டான் என்று எந்தச் சான்றும் இல்லாமல் இருபது வருடம் மனு எழுதிக்கொண்டே இருப்பவர் இந்தப் பக்கம் வரலாம். மூன்றாவது நபராகத் தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள், தன் எண்ணம் வெளியே ஒலிபரப்பாகிறது, பிறர் எண்ணம் தனக்குள் செருகப்படுகிறது என்ற அனுபவங்கள் வந்தால் ஸ்கிசோஃப்ரேனியாவின் பக்கம் தராசு சாயும். கூர்த் ஷ்னைடர் இவற்றை ‘முதல்தர அறிகுறிகள்’ என்றார். இவை மட்டுமே போதும் என்று இன்று யாரும் நம்புவதில்லை.

5

நம்முடைய ஆளின் பழைய சீட்டில் ‘எஃப் 20.0’ என்று எழுதியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் பாரனாய்டு ஸ்கிசோஃப்ரேனியாவின் எண் அது. 20.1 ஹெபிஃப்ரேனிக், 20.2 கேட்டடோனிக் என்று வரிசை போகும். இந்தப் பெட்டிகள் இப்போது கலைக்கப்பட்டுவிட்டன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் தன் ஐந்தாம் கையேட்டில் துணைவகைகளை நீக்கியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது பட்டியலும் அதையே செய்தது. கேட்டடோனியா மட்டும் பல நோய்களில் வரக்கூடிய ஒரு தனி நிலையாக அங்கீகாரம் பெற்றது.

ஏன்? ஒரே ஆள் இருபத்திரண்டில் ஹெபிஃப்ரேனிக், முப்பதில் பாரனாய்டு, நாற்பதில் எஞ்சிய வகை என்று பெட்டி மாறிக்கொண்டே இருந்தார். எந்த வகைக்கு எந்த மருந்து என்று எதுவும் வேறுபடவில்லை. பெட்டியின் பெயரை வைத்து நோயின் போக்கை நம்பகமாகச் சொல்லவும் முடியவில்லை. ஆகவே இப்போது பெட்டிக்குப் பதிலாக அளவுகோல்: பிரமை எவ்வளவு, குரல் எவ்வளவு, பேச்சுக் குலைவு எவ்வளவு, மந்தம் எவ்வளவு, இது முதல் தடவையா, மறுபடியும் வந்ததா, தொடர்ந்து இருக்கிறதா.

அப்படியென்றால் மேலே இத்தனை நேரம் வகை வகையாகப் பிரித்தது வீணா என்று கேக்கலாம். வீண் இல்லை. வகைகள் இயற்கையில் இருக்கிற வேலிகள் அல்ல, நாம் போட்ட வரப்புகள். வரப்பை அழித்தாலும் நிலத்தின் மேடுபள்ளம் அப்படியே இருக்கிறது. ‘நல்லாப் பேசுறானே, இவனுக்கா நோய்?’ என்று கேட்கிற குடும்பத்துக்குப் பாரனாய்டு முகத்தைத் தனியாகக் காட்டித்தான் ஆக வேண்டும்.

பெயரே ஒரு பிரச்சினை. ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்பட்ட பழைய பெயரை ஜப்பான் 2002இல் கைவிட்டு ‘ஒருங்கிணைவுக் கோளாறு’ என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தது. தென்கொரியா 2011இல் வாத்தியத்தின் நரம்பைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தது. நாம் இன்னும் ‘மனச்சிதைவு’ என்கிறோம். சிதைந்தது என்றால் திரும்பாது என்று அர்த்தமாகிறது. சுருதி போனால் மறுபடி கூட்டலாம்.

6

திரும்புகிறதா என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் அறுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய ஒன்பது மைய ஆய்வில் ஆக்ராவும் ஒன்று. ஆக்ரா, இபாடான் போன்ற இடங்களில் நோயாளிகள் லண்டன், வாஷிங்டன் நோயாளிகளைவிட நன்றாகத் தேறியது அன்றைக்குப் பெரிய ஆச்சரியம். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதல்முறை நோய் கண்ட 90 பேரைப் பின்தொடர ஆரம்பித்த ஆய்வும், பத்து வருட முடிவில் பெரும்பாலோர் அறிகுறி அடங்கி வாழ்வதைக் காட்டியது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தின் ஆர். தாரா அதில் முக்கியமானவர். இந்தக் கணக்குகள் மேல் பின்னால் கேள்விகள் எழுந்தன என்பதையும், ‘கீழைக் குடும்பப் பாசம்’ என்று இதை நாம் புகழ்பாடிக்கொள்வதில் அபாயம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பாசத்தின் சுமை பெரும்பாலும் ஒரு அம்மாவின் தலையிலோ மனைவியின் தலையிலோதான் இறங்குகிறது.

குரல்களும் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. மானிடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ மூன்றிலும் தலா 20 பேரிடம் பேசி 2015இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் தங்கள் குரல்களை அந்நியர்களின் தாக்குதலாக விவரித்தார்கள். சென்னையில் பலருக்குக் குரல்கள் உறவுக்காரர்களுடையவை: குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று ஏவுபவை, திட்டுபவை. பைத்தியத்திலும் நமக்கு சொந்தக்காரர்கள் விடுவதில்லை.

கோயில் விஷயத்துக்கும் இதே நிதானம் தேவை. நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தமிழ்நாட்டுக் கோயிலைப் பற்றி எழுதினார்கள். அங்கே தங்கிய 31 பேரில் 23 பேருக்குப் பாரனாய்டு ஸ்கிசோஃப்ரேனியா. பூசை, சின்னச் சின்ன வேலை, கட்டாயமில்லாத ஆதரவான சூழல் என்று சில வாரம் இருந்ததில் அறிகுறி அளவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. அதைச் செய்தது சாமியா, சூழலா என்று வாதாடலாம். சங்கிலி அங்கே இல்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆம் பிரிவில் தடுக்கிறது. தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது.

7

நம்முடைய ஆளை என்ன செய்வது? முதலில் வாதாடாதீர்கள். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடா’ என்று நூறு தடவை சொன்னாலும் பயன் இல்லை. ‘ஆமா, கலக்கிட்டாங்கதான்’ என்று ஒத்து ஊதுவதும் துரோகம். அந்த அம்மா ஒருநாள் தானாகவே கண்டுபிடித்த வாக்கியம் இது: “எனக்கு அந்தச் சத்தம் கேக்கல கண்ணு. ஆனா நீ பயந்து போயிருக்கறது எனக்குத் தெரியுது. தூக்கமாவது வரட்டும், வா போலாம்.” தூக்கத்துக்கு என்றுதான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பல பேர் அப்படித்தான் வருகிறார்கள். கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரி பக்கம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நிம்ஹான்ஸ், அதுவும் பெங்களூரின் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.

மருந்து குரலைத் தணிக்கும். உடம்பு போடும், கை நடுங்கும், பகலெல்லாம் மந்தமாக இருக்கும். இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பதால்தான் பாதியில் நிறுத்துகிறார்கள், நிறுத்தியபின் நோய் திரும்புகிறது. டாக்டரிடம் சொன்னால் அளவை, மருந்தை மாற்றலாம். மாதம் ஒருமுறை ஊசியும் உண்டு. குத்திக்காட்டலும் எரிச்சலும் நிறைந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது லண்டனிலும் சண்டிகரிலும் பார்த்த விஷயம். இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்கப்படுவதுதான் அதிகம். நூற்றில் ஐந்து பேர் அளவில் தற்கொலையில் முடிகிறார்கள், அதுவும் பெரும்பாலும் நோயின் ஆரம்ப வருடங்களில்.

அவர் இப்போது ஊரிலேயே ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். குரல் முழுசாகப் போகவில்லை. “பேசிட்டுத்தான் இருக்காங்க, நான்தான் பதில் சொல்றதில்ல” என்கிறார். கோட்பாட்டுக்காரர்களாகிய நாம் அந்தக் குரல்களுக்கு அர்த்தம் தேடினோம். அவருக்குத் தேவைப்பட்டது அவற்றைப் பொருட்படுத்தாமல் இருக்க ஒரு வழி, போக ஒரு வேலை, பயப்படாமல் சாப்பிட ஒரு தட்டு சோறு. இவை கிடைக்கச் செய்வதும் அரசியல்தான். நம் பக்கங்களில் அதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குவோம்.